மாசியின் கடைசி முகூர்த்தமும் ஒரு சோடிச் சப்பாத்தும்

என் கலியாணத்தன்று விடியற்காலையில் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தால் லா சப்பல் தெருவைக் காணவில்லை. எதிர்க் கடையின் பெயர்ப்பலகை, பூட்டிவைத்த சைக்கிள்கள், குப்பைத் தொட்டிகள் எல்லாவற்றையும் ஒரே வெள்ளை மூடியிருந்தது. இன்னும் கொட்டிக்கொண்டும் இருந்தது. நான் போட்ட சத்தத்தில், எனக்குத் தலை கட்டிக்கொண்டிருந்த பெண்ணின் வாயில் கவ்வியிருந்த கொண்டை ஊசிகள் கீழே விழுந்தன. அது பயத்தில் போட்ட சத்தமா, சந்தோசத்தில் போட்ட சத்தமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாசி மாதம் முடியப் போகிற நேரத்தில் இது என்ன அநியாயம்? முந்தின வாரம்தான் வெயில் எறித்தது. சனம் கபேக்களின் வெளி மேசைகளில் ஜக்கெற்றைக் கழற்றிப் போட்டுவிட்டு முகத்தைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. பூங்காவில் ஒரு மரம் அவசரப்பட்டுப் பூத்தும் விட்டது. நான் ஒட்டியிருந்த வீட்டுக்காரியான என் சித்தி, குளிர் உடுப்பு முழுவதையும் பெட்டியில் அடைத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார். யாழ்ப்பாணத்தில் இருந்து புறப்பட இருந்த என் அம்மா என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டபோது, குளிர் எல்லாம் போய்விட்டது அக்கா, செருப்பே போதும் என்று சொன்னவரும் சித்திதான். அம்மா சொல் தட்டாதவர். ஒரு சோடிச் செருப்போடு வந்து இறங்கினார்.

அந்த அம்மா இப்போது என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பனி கொட்டுவதைப் பார்க்கிறார். வாயைப் பிளந்துகொண்டு நிற்பார் என்று நான் எதிர்பார்த்தேன்.

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் எண்டு சும்மாவே சொன்னவை" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பி, சின்ன வயதில் துருவிவைத்த தேங்காய்ப்பூவை நான் களவாக அள்ளித் தின்றதை நினைவுபடுத்தினார். தேங்காய்ப்பூ தின்கிற பிள்ளையின் கலியாணத்தன்று மழை பெய்யும் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. நான் தின்ற அளவுக்கு மழை போதாதாம். அதுதான் தேங்காய்ப்பூவாகவே திரும்பிக் கொட்டுகிறதாம். சித்தி குசினிக்குள் நின்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் முகத்தில் பூச்சு இருந்ததால் கோபத்தைக் காட்ட முடியவில்லை.

சிரிப்பு அடங்கினதும் எல்லாருக்கும் ஒரே யோசனைதான். அன்றைய முகூர்த்தம் மாசியின் கடைசி முகூர்த்தம். மத்தியானத்துக்கு முன் தாலி ஏறிவிட வேண்டும். தப்பினால் பங்குனியில் எங்கள் இரண்டு வீட்டாரும் கலியாணம் வைக்க மாட்டார்கள், சித்திரை வரை பொறுக்க வேண்டும். பொறுக்கலாம். ஆனால் அம்மாவின் விசா வருகிற செவ்வாயோடு முடிகிறது. இரண்டு தடவை மறுத்து, மூன்றாம் தடவை கொடுத்த விசா. அதுவும் அம்மாவுக்கு மட்டும்தான், அப்பாவுக்கு இல்லை. பத்தொன்பது வயதில் படிக்கவென்று சித்தியிடம் வந்தவள் நான். அதற்குப் பிறகு அம்மாவை நான் தொட்டது இரண்டு நாளைக்கு முன், வியாழக்கிழமை, விமான நிலையத்தில். இந்த முகூர்த்தம் தப்பினால் என் கலியாணத்தை அப்பாவைப் போல அம்மாவும் போனில்தான் பார்ப்பார்.

நேரம் பிந்தினால் என்ன, பிந்தித் தாலி கட்டுவோமே என்று நான் கேட்டுப் பார்த்தேன். மாப்பிள்ளையின் தாய் போனில் மறுத்துவிட்டார். தப்பின நேரத்தில் கட்டுகிற தாலி தன் குடும்பத்துக்கு வேண்டாமாம். சரி, என் அம்மாவாவது எனக்காகப் பேசுவார் என்று பார்த்தால், அவர் சம்பந்தியை விட வேகமாகத் தலையாட்டினார். ஓம், அவா சொல்லுறதுதான் சரி, எனக்காக நேரத்தை மாத்த வேண்டாம் என்றார். எனக்கு அழுகை வந்தது. கண்மை கரையும் என்று தலை கட்டுகிற பெண் அதட்டினாள்.

இதற்குள் இன்னொரு கூத்தையும் சொல்லவேண்டும். தாலிக்குப் பொன்னுருக்கின நாளில் இருந்து தாலி கட்டும்வரை மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. ஸ்தேன் புறநகரில் மாப்பிள்ளை வீட்டில் முந்தின செவ்வாய்க்கிழமையே பொன்னுருக்கியாகிவிட்டது. அம்மா வந்து இறங்கினதும் முதல் வேலையாக என் போனின் கமராவுக்கு மேல் ஒரு ஒட்டுப்பொட்டை ஒட்டினார். குரல் கேட்கலாம், முகம் பார்க்கக் கூடாது. எங்களுக்கு மேரியில், அதாவது நகரசபையில், கலியாண எழுத்து முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பிரெஞ்சுச் சட்டப்படி நாங்கள் புருசன் பெண்சாதி. அதை அம்மாவிடம் சொன்னால், அது அவையின்ரை எழுத்து என்று ஒரே வெட்டாக வெட்டிவிடுவார். மாப்பிள்ளையை அம்மாவும் நேரில் கண்டதில்லை. கலியாணத்தன்றே ஆறுதலாகப் பார்க்கிறேன் என்று இருந்தார்.

பூச்சோடித்த கார் பொண்டி என்ற புறநகரில் இருந்து வரவேண்டும். அது அங்கேயே ஒரு சந்தியில் குறுக்கே நின்றுவிட்டது என்று சித்தியின் மகன், என் தம்பி, ஓடிவந்து சொன்னான். வேறு கார் பிடிக்கலாமா என்று கேட்டால், "றூட் எல்லாம் புளொக்கே அக்கா, பஸ்சும் இல்லை" என்றான். மண்டபமோ லெ பிளாங்-மெனிலில், ரயில் நிலையத்துக்குக் கிட்ட. ரயில் மட்டும் தட்டுத்தடுமாறி ஓடுகிறது. நடந்து கார் து நோர் நிலையத்துக்குப் போய் ரயில் ஏறுவோம் என்றான் தம்பி. கலியாணப் பெண்ணை ரயிலில் கொண்டுபோவதோ என்று அம்மாவும் சித்தியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

எனக்கு வந்ததே ஒரு ஆவேசம். கட்டிலுக்குக் கீழே பாய்ந்து அந்தக் குளிர் உடுப்புப் பெட்டியை இழுத்தேன். சேலையைக் கணுக்காலுக்கு மேலே செருகி, சப்பாத்தைப் போட்டு, ஒட்டியாணத்துக்கு மேலால் தம்பியின் பெரிய ஜக்கெற்றை மாட்டி, நெற்றிப்பட்டத்தோடு வாசலில் போய் நின்றேன். வருகிறவர்கள் வரலாம் என்று அறிவித்தேன். அம்மாவுக்குச் சித்தியின் சப்பாத்தைப் போட்டுப் பார்த்தோம், ஏறவில்லை. எங்கள் அம்மாவுக்கு ஆம்பிளைக் கால். கடைசியில் இரண்டு சொக்ஸுக்கு மேலால் அதே செருப்பை மாட்டிக்கொண்டார்.

தெருவில் இறங்கினோமே, அதை எப்படிச் சொல்ல. லா சப்பலில் கலியாணப் பெண்களுக்குப் பஞ்சமில்லை, ஆனால் பனிக்குள் நடந்துபோகிற பெண்ணை அங்கே ஒருவரும் கண்டதில்லை. கடை திறந்துகொண்டிருந்த அண்ணைமார் பாதி உயர்த்தின ஷட்டரை விட்டுவிட்டு வெளியே வந்தார்கள். பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் எங்கே, எத்தனை மணிக்கு முகூர்த்தம் என்று விசாரித்தார். பிறகு கடைக்குள் போய் ஒரு பை கறியுப்பைக் கொண்டுவந்து பிய்த்து, கோயில் வீதியில் மஞ்சள் தண்ணீர் தெளிக்கிறவர் மாதிரி எங்களுக்கு முன்னால் வீசிக்கொண்டே சந்திவரை நடந்து வந்தார். பொம்பிளை வழுக்கக் கூடாது பிள்ளை என்றார். அவர் யாரென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. குளிர் காதைக் கடித்தது, வாயைத் திறந்தால் பனி உள்ளே விழுந்தது, எனக்கு ஓடவேண்டும் போல இருந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கொக்கு மாதிரிக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார்.

கார் து நோரின் நிலக்கீழ் மேடையில் நெரிசல். ரயில் எப்போது வரும் என்று பலகை ஒன்றையும் சொல்லவில்லை. அப்போது எதிர்ப் படிக்கட்டில், சனத்தின் தலைகளுக்கு மேலால் ஒரு தலைப்பாகை இறங்கி வந்தது. முத்தும் குஞ்சமும் வைத்த கலியாணத் தலைப்பாகை. ஸ்தேனில் இருந்தும் பஸ் இல்லை. அவர்களும் வேறு ரயிலில் இங்கே வந்து மாறி ஏறத்தான் வேண்டும். அது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தலைப்பாகைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நான் பார்ப்பதற்குள் அம்மாவின் குளிர்ந்த கை என் கண்ணைப் பொத்திவிட்டது.

மாப்பிள்ளைத் தோழனான தம்பி மண்டபத்தில் கட்டுவதற்கென்று ஒரு புது வேட்டி பையில் இருந்தது. சித்தி அதை உருவி எடுத்தார். ரயில் வந்தது. இரண்டு கூட்டமும் ஒரே பெட்டிக்குள் அடைபட்டது. நடுவில் அந்த வேட்டியை விரித்துப் பிடித்தார்கள். ஒரு தலைப்பை அம்மாவும் மறுதலைப்பை மாமியாரும் பிடித்தார்கள். சம்பந்திகள் இரண்டு பேரும் முதன்முதலாகச் சந்தித்ததே அப்படித்தான், கையில் வேட்டியோடு. பயணம் எப்படி, அங்கே வெயிலோ, இஞ்சை இப்பிடித்தான் என்று அதற்கு மேலால் சுகம் விசாரித்தார்கள். மாமியாரின் மற்றக் கை தாலி இருந்த கைப்பையை நெஞ்சோடு அமத்தியிருந்தது.

பெட்டியில் இருந்த மற்றச் சனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. தம்பி பிரெஞ்சில் விளங்கப்படுத்தினான். வேட்டிக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை, இந்தப் பக்கம் பெண், தாலி ஏறும்வரை பார்க்கக் கூடாது, மத்தியானத்துக்கு முன் ஏறவேண்டும். பிறகு கேட்கவா வேண்டும். முழுப் பெட்டியும் எங்கள் கட்சி. வேலைக்குப் போகிற ஒரு பெண் மாமியாருக்குக் கை நோகும் என்று வேட்டியின் ஒரு மூலையைத் தான் பிடித்தாள். ரயில் நிற்கும்போதெல்லாம் எல்லாரும் சேர்ந்து மணியைப் பார்த்தார்கள். நான் சால்வையால் தலையை மூடிக்கொண்டு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். என் இடத்தில் யார் இருந்தாலும் சிரித்திருப்பார்கள்.

ஆனால் திரான்சியில் ரயில் நின்றுவிட்டது. மண்டபத்துக்கு ஒரு நிலையம்தான் மிச்சம். பாதையில் பனி, இதற்கு மேல் போகாது, எல்லாரும் இறங்குங்கள் என்று அறிவித்தார்கள். இறங்குகிற நெரிசலில் வேட்டி எங்கே போனது, யார் எங்கே போனார்கள் என்று தெரியாது. சால்வைக்குள் எனக்குக் கண் தெரியாது. யாரோ என் கையைப் பிடித்துப் படியில் இறக்கினார்கள். தம்பி என்று நினைத்தேன். அந்தக் கையில் மோதிரம் இருந்தது. மேரியில் நான் போட்ட மோதிரம். நான் விடவில்லை, அவரும் விடவில்லை. பார்க்கக் கூடாது என்றுதானே சட்டம், பிடிக்கக் கூடாது என்று அம்மா சொல்லவில்லையே. மேடையில் கால் வைத்ததும் கை போய்விட்டது. அந்தக் குளிரில் எனக்கு வியர்த்தது.

இனி நடைதான். மாப்பிள்ளை வீட்டார் முன்னே, நாங்கள் பின்னே. முதுகைப் பார்த்தால் குற்றமில்லை என்று அம்மா பெரிய மனதோடு அனுமதி தந்தார். தெரு நீளத்துக்கு ஒருவரும் மிதிக்காத பனி. முன்னே போனவர்களின் அடித்தடத்தில் காலை வைத்து வைத்து நடந்தோம். ஐயர் மண்டபத்தில் இருந்து போனுக்கு மேல் போன் எடுத்துக் கத்தினார். முகூர்த்தம் தொடங்கிவிட்டதாம், எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டார். நான் முன்னவர்களின் குதிகாலை மிதிக்கிற அளவுக்கு வேகம் பிடித்தேன்.

அப்போது என் கையில் இருந்து அம்மாவின் கை நழுவியது. திரும்பிப் பார்த்தால் அம்மா ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். ஒரு செருப்பின் வார் அறுந்து தொங்கியது. இரண்டு சொக்ஸும் நனைந்து காலோடு ஒட்டிப்போயிருந்தன. கால்விரல்கள் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை என்றார், ஏதோ அடுத்த வீட்டுச் சங்கதி சொல்வது போல. தம்பி தூக்கப் பார்த்தான், வழுக்கி இரண்டு பேரும் விழப் பார்த்தார்கள்.

"நீங்கள் போங்கோ. நேரம் போகுது. நான் ஆறுதலா வாறன்" என்றார் அம்மா.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்ததோ தெரியாது. தெருவே கேட்கக் கத்தினேன். நீங்கள் இல்லாமல் ஒரு அடி வைக்க மாட்டேன், இந்தப் பனிக்குள்ளேயே இருப்பேன், முகூர்த்தம் போனால் போகட்டும் என்று பட்டுச் சேலையோடு அம்மாவுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா என்னை எழுப்பித் தள்ளினார். கண் கலங்கியிருந்தார், ஆனால் குரல் இறங்கவில்லை.

"விசர்க் கதை கதையாதை. தாலி ஏறின சத்தம் வாசலிலை நிண்டு கேட்டாலும் எனக்குக் காணும்."

முன்னே போன கூட்டத்தில் இருந்து தலைப்பாகை திரும்பியது. மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே எங்களிடம் வந்தார். வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு முன்னால் பனியில் முழங்கால் குத்தி இருந்தார். தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து அம்மாவின் கால் இரண்டையும் துடைத்து, விரல் விரலாகச் சூடு வரும்வரை தேய்த்தார். பிறகு தன் கறுத்தப் பனிச் சப்பாத்தைக் கழற்றி, தடித்த கம்பளிச் சொக்ஸையும் கழற்றி, எல்லாவற்றையும் அம்மாவின் காலில் மாட்டிக் கயிறு கட்டினார். அளந்து வாங்கினது போலப் பொருந்தியது. அம்மா தன் காலையும் அவருடைய வெறுங்காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, அப்ப உங்கடை கால்?" என்று கடைசியில் கேட்டார்.

"அங்கை எப்பிடியும் எனக்குக் கால் கழுவித்தானே உள்ளை விடுவினம், மாமி."

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தார். திரை இல்லை, சால்வை இல்லை, என் முகம் ஒரு முழத்தில். பார்த்தோம். நன்றாகவே பார்த்தோம். மூக்கு நுனி சிவந்து, தலைப்பாகைக் குஞ்சத்தில் பனி ஒட்டி, இவ்வளவு வடிவான மனிதரையா ஒரு மாதத்துக்கு முன் மேரியில் கட்டினேன் என்று எனக்கே ஆச்சரியம். பிறகுதான் சட்டம் ஞாபகம் வந்து, நடுங்கிப்போய் அம்மாவைப் பார்த்தேன். அம்மா குனிந்து சப்பாத்துக் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்டும் காணேல்லை. எனக்குக் காலுக்கை அலுவல்" என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் நடக்கவில்லை, ஓடினோம். ஓட்டத்தில் அம்மாதான் முதல். கலியாணத்துக்கென்று வாங்கிப் பையில் வைத்திருந்த சரிகைச் செருப்போடு மாப்பிள்ளை பின்னால் தத்தித் தத்தி வந்தார்.

மண்டப வாசலில் தம்பி கால் கழுவச் செம்பைத் தூக்கினான். மாப்பிள்ளையின் பாதம் பீட்ரூட் நிறத்தில் இருந்தது. செம்பைக் கீழே வைத்துவிட்டு சமையற்கட்டுக்கு ஓடினான். சோற்றுக்கு வைத்திருந்த கொதிதண்ணீரில் பாதி, பச்சைத் தண்ணீரில் பாதி கலந்து கொண்டுவந்து, முழங்கால் குத்தி இருந்து மெல்ல மெல்ல ஊற்றினான். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஆ என்றார். எங்கள் வழக்கத்தில் தன் கால் கழுவுகிற தோழனுக்கு மாப்பிள்ளை ஒரு மோதிரம் போடவேண்டும். விறைத்த விரலால் அதைப் போடவே கொஞ்ச நேரம் பிடித்தது. உள்ளே ஐயர் மந்திரத்தையும் எங்கள் எல்லாரையும் ஒன்றாகத் துரத்தினார். கூறைச் சேலையைச் சித்தி எனக்குச் சுற்றின வேகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஐயர் கையை உயர்த்தினார், கெட்டிமேளம் இடித்தது, கழுத்தில் குளிர்ந்த தாலி வந்து விழுந்தது. முகூர்த்தம் மிச்சம் இருந்தது. நான் தலையைக் கூட நிமிர்த்தாமல் கண்ணால் அம்மாவைத் தேடினேன். மணவறைக்குக் கிட்ட, கை நிறைய அரிசியோடு நின்றார். சப்பாத்தைக் கழற்றித் தன் கதிரைக்குக் கீழே வைத்திருந்தார். ஆனால் பட்டுச் சேலைக்குக் கீழே அந்தக் கம்பளிச் சொக்ஸ் எல்லாப் படத்திலும் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை விமான நிலையத்துக்குப் போகும்போது வெயில். பனி தெரு மூலைகளில் மட்டும் ஊத்தைக் குவியலாகக் கிடந்தது. அவசரப்பட்டுப் பூத்த மரம் ஒன்றும் நடக்காதது போல நின்றது. சித்தி புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்திருந்தார். அம்மா அதைப் பைக்குள் வைத்துவிட்டு அந்தக் கறுத்தச் சப்பாத்தோடுதான் வந்தார். யாழ்ப்பாணத்து வெயிலில் அதை என்ன செய்யப் போகிறீர்கள் என்று தம்பி பகிடி பண்ணினான். மாப்பிள்ளையோ, வைத்திருக்கட்டும், அது மாமிக்குத்தான் என்றார்.

"ஆற்றையோ சாமான் எனக்கேன் தம்பி? திருப்பித் தருவன்" என்றார் அம்மா. "அதுக்கெண்டாலும் நான் ஒருக்கா வரத்தானே வேணும். அவங்கள் விசா தராட்டி, சொந்தக்காரர் நீங்கள் வந்து எடுங்கோ."

நான் கட்டிப் பிடித்தேன். விடமாட்டேன் என்று பிடித்தேன். அழுதேனா சிரித்தேனா என்று இதையும் கேட்காதீர்கள். அம்மா என் கையைப் பிரித்து எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்துவிட்டு வரிசையில் போய் நின்றார்.

சோதனை செய்கிற இடத்தில் சப்பாத்தைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். அம்மா குனிந்து கழற்றித் தட்டில் வைத்தார், வாசலால் வெறுஞ்சொக்ஸோடு நடந்தார், மறுபக்கத்தில் அதற்காகக் காத்து நின்றார். தட்டு வந்தது. ஒரு சப்பாத்தைப் போட்டார். மற்றதைப் போடாமல், எங்களைத் தேடிக் கண்டுபிடித்து, அதைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக் காட்டினார்.